41 பிள்ளைகள், ஒரு முகூர்த்தம்: வெள்ளவத்தைக் கலியாணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆவணி பிறந்த கையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மண்டபம் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில், முதலாம் மாடியில். ஏறத்தாழ 400 பேர். அதில் 14 வயது வரையான பிள்ளைகள் 41 பேர்: இரண்டு வயது நிரம்பாத கைக்குழந்தைகள் 6, இரண்டு முதல் நாலு வயது வரை 9, ஐந்து முதல் ஏழு வரை 11, எட்டு முதல் பத்து வரை 8, பதினொன்று முதல் பதினாலு வரை 7.

கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் பெற்றோர்களிடம் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. பிள்ளைக்கு எத்தனை வயது? எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது? எத்தனை மணிக்கு நித்திரை கொள்ளும்? முதல் இரண்டையும் எல்லாரும் கேட்பார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. கடைசியில் மிகவும் உதவியது அதுதான்.

ஆடியில் கலியாணம் வைப்பது குறைவு. லண்டன் பள்ளிக்கூட விடுமுறையோ செப்டெம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே ஆவணியின் முதல் இரண்டு கிழமைக்குள் வைக்கும் கலியாணத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வந்திறங்குவார்கள். இங்கே 17 பேர் அப்படி வந்தவர்கள். கொழும்பில் காலை 10.30 என்றால் லண்டனில் விடிகாலை 6 மணி, ரொறன்ரோவில் நள்ளிரவு தாண்டி 1 மணி, சிட்னியில் பின்னேரம் 3 மணி. வந்து மூன்று நாளே ஆன ரொறன்ரோப் பிள்ளையின் உடம்புக்குத் தாலி கட்டும் நேரம் நடுச்சாமம். அந்தப் பிள்ளை மணவறைக்கு முன்னால் காலை உதைத்து அழுதால் ‘என்ன குழப்படி’ என்கிறோம். அதற்கு வேண்டியது ஒரு பாயும் தலையணையும்.

மொழியும் ஒரு சிக்கல். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் விளங்கும், ஆனால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த ஆறு பேர் தமிழில் மட்டும் கதைப்பார்கள். கொழும்புப் பிள்ளைகள் 18 பேரும் இரண்டுக்கும் நடுவில். விதிமுறை சொல்லி விளக்கவேண்டிய எந்த விளையாட்டும் இங்கே எடுபடாது.

முதல் திட்டம், அது ஏன் விழுந்தது

வீட்டார் போட்ட திட்டம் நல்ல மனதோடு போட்டதுதான். கீழ்த்தளத்தில் ஓர் அறை. ரீவியில் காட்டூன், 100 பலூன், நிறம் தீட்டும் புத்தகங்கள், பாஸ்டல் பெட்டிகள். பார்த்துக்கொள்ள மணப்பெண்ணின் ஒன்றுவிட்ட தங்கைகள் இருவர். 8.45க்கு அறை திறந்தது. 9.30க்கு உள்ளே இருந்தவர்கள் நாலே பேர்.

அறை வேறு மாடியில் இருந்ததால் மூன்று வயதுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மேலே வரத் தாய்மாருக்கு மனம் வரவில்லை. விடப்பட்ட பிள்ளைகளும் ‘அம்மா எங்கே’ என்று படியேறத் தொடங்கின. பிள்ளைக்குத் தாயின் சேலை நிறம் தெரியும் தூரத்தில்தான் விளையாட்டு இடம் இருக்கவேண்டும். மண்டபத்துக்குள்ளேயே, பின்பக்க மூலையில். வசதியான அறை சும்மா கிடக்கிறதே என்று பார்க்கக்கூடாது.

தங்கைகள் இருவருக்கும் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, அக்காவின் தாலிகட்டைப் பார்க்கக் கொள்ளை ஆசை. மேளம் கேட்டதும் ஒருவர் மேலே போனார், பிறகு மற்றவரும் போனார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பைச் சொந்தக்காரருக்குக் கொடுப்பதே பிழை. பிற்பகுதியில் உதவிக்கு வந்தவர்கள் இரண்டு முன்பள்ளி ஆசிரியைகள். கூலி பேசி, பருத்திச் சுடிதாரும் தட்டைச் செருப்புமாக வரச்சொன்னது. அந்த மாற்றம் ஒன்றே பாதி வேலையை முடித்தது.

பலூன்கள் எட்டு வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கைக்குழந்தை திடுக்கிட்டு எழுந்தது. வெடித்த துண்டை இரண்டு வயதுப் பிள்ளை வாயில் வைத்ததை ஓர் ஆச்சி கண்டு பிடுங்கி எடுத்தார். பலூன் துண்டு தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழாயின் வடிவத்துக்கே ஒட்டிக்கொள்ளும். முதுகில் தட்டினாலும் இலகுவில் வராது. ஊதாத பலூனும் உடைந்த பலூனும் எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் போகக்கூடாது என்பது விளையாட்டுப் பொருள்களுக்கான பொதுவான எச்சரிக்கை. சோடனைக்குக் கட்டினால் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

நிறம் தீட்டும் புத்தகம் ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தது 14 நிமிடம். பாஸ்டல் செய்த வேலை அதைவிட நீண்டது. ஆறு வயதுப் பிள்ளையின் மாம்பழ நிறப் பட்டுப் பாவாடையில் நீலப் பாஸ்டல் இழுபட, பக்கத்தில் இருந்தவர் ஈரத் திசுத்தாளை எடுத்துத் தேய்த்தார். பாஸ்டலில் எண்ணெயும் மெழுகும் இருப்பதால் ஈரத்தால் தேய்க்கத் தேய்க்கக் கறை விரிந்து நூலுக்குள் இறங்கும். செய்யவேண்டியது வேறு: கரண்டியின் பின்பக்கத்தால் மேலே நிற்பதை மெல்லச் சுரண்டி எடுத்து, குழந்தைப் பவுடரைத் தூவி, எண்ணெயை அது உறிஞ்ச விட்டு, மறுநாள் உலர்சலவைக்குக் கொடுப்பது. கலியாண வீட்டுக்கு நிறப் பென்சில்தான் சரி. பாஸ்டல், நிறப்பேனை, கம் போத்தல் மூன்றும் பட்டுக்கு எதிரி.

9.40க்குப் பிறகு

மூலையை மேலே மாற்றினார்கள். 60 சென்ரிமீற்றர்ச் சதுரப் பஞ்சுப் பாய்த் துண்டுகள் 24. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் நாலு என்று கொழுவினால் பன்னிரண்டுக்கு எட்டு அடி இடம் கிடைக்கும். மூன்று பக்கம் கதிரைகளைப் பின்புறம் காட்டி நெருக்கி வைத்து, நாலாவது பக்கத்தில் ஓர் ஆசிரியை. குளிரூட்டியின் காற்று நேரே விழாத இடமாகவும், மேளக்காரர் இருக்கும் பக்கத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் எதிர்மூலையாகவும் பார்த்தார்கள். மேளத்தை நிறுத்தமுடியாது, கெட்டிமேளத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சைகை காட்டலாம். தாலித்தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதத்துக்கு வரத் தொடங்கினால் இனி அதிக நேரமில்லை என்று அர்த்தம். அதுதான் இங்கே அடையாளம்.

ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒரு துணி ரிபன்: இரண்டு முதல் நாலு வரை மஞ்சள், ஏழு வரை பச்சை, பத்து வரை நீலம். உட்பக்கத்தில் தொலைபேசி எண் எழுதுவது வழக்கம். வெளிநாட்டுத் தாய்மாரின் எண்ணுக்கு மண்டபத்திலிருந்து எடுத்தால் பெரும்பாலும் மணி அடிக்காது. அவர்களுக்கு வட்ஸ்அப் மட்டும்தான், அதுவும் வைபை கிடைக்கும் இடத்தில். ஆகவே கொழும்பில் இருக்கும் ஒரு சித்தப்பாவினதோ மாமியினதோ எண்ணைத்தான் எழுதவேண்டும். பெயரை வெளியே தெரிய எழுதவேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைப் பிள்ளை நம்பிவிடும்.

மஞ்சள் ரிபன்காரருக்கு விலை கூடிய விளையாட்டுச் சாமான் எதுவும் தேவைப்படவில்லை. பிஸ்கட் கடையில் கேட்டு வாங்கிய பெரிய வெற்று அட்டைப்பெட்டி ஐந்து, காகிதக் கோப்பை 200, தரையில் ஒட்டிய மஸ்கிங் டேப் வீதி, பத்துச் சின்னக் கார். பெட்டிக்குள் இருப்பது, வெளியே வருவது, திரும்ப உள்ளே போவது. இதில் அரை மணித்தியாலம் போகும். கோப்பையை அடுக்கிக் கொட்டினால் சத்தமில்லை. பிளாஸ்ரிக் கட்டைகள் என்றால் ஐயரின் மந்திரத்துக்கு மேலாகக் கேட்கும். கைக்குழந்தைகளுக்குத் தனி விளையாட்டு ஒன்றுமில்லை. பம்பர்ஸ் மாற்ற ஒரு மேசை, ஒரு பெரிய துவாய், மூடியுள்ள வாளி, பால் கொடுக்க மறைப்புக் கட்டிய இரண்டு கதிரை. அந்தக் கதிரைகளிலிருந்தும் மணவறை தெரியவேண்டும். ஒரு தாய் தன் தங்கையின் தாலிகட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கத் தேவையில்லை.

பச்சை ரிபன்காரருக்குப் படம்பார் அட்டை கொடுக்கப்பட்டது. ஏ5 அளவு அட்டையில் 12 கட்டங்கள். நிறைகுடம், கூறைத்தட்டு, தாலி, கெட்டிமேளம், அம்மி மிதித்தல், மோதிரம் எடுத்தல், அருந்ததி, ஆராத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டுப்படம். கண்டதும் ஒரு நட்சத்திர ஒட்டி. எழுத்தே இல்லாததால் மொழிப் பிரச்சினை இல்லை. முதல் அச்சில் கட்டங்களுக்கு 1, 2, 3 என்று இலக்கம் போட்டது தவறாகிப் போனது. சடங்கின் வரிசை ஐயருக்கு ஐயர், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எட்டாவது ஆறாவதற்கு முன்னால் நடந்ததும், ‘விட்டுட்டினம்!’ என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சத்தம் போட்டது. சபை திரும்பிப் பார்த்தது. இலக்கம் வேண்டாம்.

அட்டையில் ஒரு கட்டம் தவில்காரரின் விரல்கள். வலக்கை விரல்களில் அவர் போட்டிருக்கும் கூடுகள், துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி, காயவைத்துக் கல் மாதிரி இறுக்கியவை. மேளத்துக்கு இடைவெளி விட்டபோது தவில்காரர் ஒரு கூட்டைக் கழற்றிப் பிள்ளைகளின் விரலில் மாட்டி, மேசையில் தட்டிக் காட்டினார். பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். அன்றைய நாளில் ஒரு சதமும் செலவில்லாமல் பத்து நிமிடம் கிடைத்தது இதில்தான். முன்கூட்டியே மேளக்காரரிடம் கேட்டுவைப்பது மரியாதை.

நீல ரிபன்காரர்தான் உண்மையான சோதனை. எட்டு, ஒன்பது வயதுப் பெடியள் மூன்று பேர் லிப்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏறுவது, இறங்குவது, எல்லாப் பொத்தானையும் அமத்துவது. கீழே சக்கர நாற்காலியில் ஒரு அப்பப்பா காத்துக்கொண்டிருக்கிறார். ‘ஓடாதேங்கோ’ என்று நாலு பேர் நாலு தடவை சொன்னதில் பயனில்லை. ஓடும் வயதுக்காரனை நிறுத்தப் பார்ப்பதைவிட, ஓடுவதற்கு ஒரு காரணம் கொடுப்பது சுலபம்.

அவர்கள் தபால்காரர் ஆனார்கள். தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் நூலில் தொங்கும் பேனை, ஒவ்வொருவருக்கும் 15 வாழ்த்து அட்டை. எட்டுப் பேருக்கும் 120. மண்டபத்தில் இருக்கும் பெரியவர்களிடம் போய் மணமக்களுக்கு ஒரு வரி எழுதி வாங்கி, மணவறைக்குப் பின்னால் உள்ள சிவப்புப் பெட்டியில் போடவேண்டும். ஒரே விதி: ஒரே மேசையில் இரண்டு அட்டைக்கு மேல் கொடுக்கக்கூடாது. அந்த விதிதான் அவர்களை மண்டபம் முழுக்க நடக்கவைத்தது. ஓடினால் பேனை முகத்தில் அடிக்கும், ஆகவே நடந்தார்கள்.

எதிர்பாராதது அடுத்தது. பேனையும் அட்டையுமாக முன்னால் வந்து நிற்கும் பிள்ளையை எந்த ஆச்சியும் சும்மா விடவில்லை. ‘நீர் ஆற்ற பிள்ளை?’ என்று தொடங்கும். லண்டன் பிள்ளை தகப்பன் பெயரைச் சொல்லும். ‘ஓ, கந்தர்மடத்து வீட்டு மூத்தவன்ர பெடியனே!’ என்று கன்னத்தைக் கிள்ளிப் பக்கத்துக் கதிரைக்காரியிடம் காட்டிக் கொடுப்பார். கண்ணாடியை வீட்டில் விட்டுவந்தவர்கள் ‘நான் சொல்லுறன், நீர் எழுதும்’ என்றார்கள். தமிழ் எழுத்துத் தெரிந்த யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அங்கே திடீரென்று கிராக்கி. 87 அட்டை திரும்பி வந்தது. மை கசியும் ஜெல் பேனை கூடாது. மூடியுள்ள சாதாரணக் குமிழ்முனைப் பேனை போதும். நூலில் கட்டாத பேனைகள் அரை மணித்தியாலத்தில் காணாமல் போகும்.

பதினொன்றுக்கு மேற்பட்ட ஏழு பேருக்கு ரிபன் கட்டவில்லை, கட்டினால் அவமானம். ‘சின்னாக்களைப் பாருங்கோ’ என்று சொன்னாலும் முகம் சுளிக்கும். அவர்களுக்குப் பெரியவர்கள் செய்யும் வேலையில் ஒரு பங்கு வேண்டும். 8.45 முதல் வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச்செம்பு. இரண்டிரண்டு பேராக அரை மணித்தியால முறை. செம்பைப் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம், இல்லாவிட்டால் விருந்தாளியின் கண்ணாடி நனையும். பிறகு கைத்தொலைபேசியில் படவேட்டை: ஒரே சட்டகத்தில் மூன்று தலைமுறை, கதிரையில் நித்திரையானவர், ஒரே நிறச் சேலையில் மூன்று பேர் என்று 15. பந்தியில் இவர்களைத் தண்ணீர் ஊற்ற விட்டார்கள், பாதி நிரப்பிய கூஜாவோடு. சாம்பாரும் ரசமும் பாயசமும் இவர்கள் கையில் வேண்டாம். சூடான வாளி, வழுக்கும் தரை, நீளப் பாவாடை மூன்றும் சேரக்கூடாது.

பசி

இந்தக் கலியாணத்தில் அழுகை கூடிய நேரம் 11.15 முதல் 12 மணி வரை. தாலி கட்டியாகிவிட்டது, மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட வரிசை நகர்கிறது, பந்தி 12.15க்கு. பிள்ளைகள் 7 மணிக்கு வீட்டில் அரைகுறையாகச் சாப்பிட்டவை. திட்டத்தில் இல்லாத இந்த ஓட்டையை அடைத்தது சமையல்காரரின் யோசனை: இடியப்பமும் உறைப்பில்லாத உருளைக்கிழங்குச் சொதியும். கைக்குழந்தைகள் தவிர்ந்த 35 பேருக்கு ஆளுக்கு மூன்று என்று 105. 120 வந்தது, மிஞ்சவில்லை. 10.45க்கே கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. குழாய் குத்திய பழச்சாறுப் பெட்டியை எந்தப் பிள்ளையும் நசுக்கும், அது நேரே பட்டில் பாயும். அரைக் கோப்பைத் தண்ணீர் போதும்.

கச்சானோ கஜுவோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இரண்டு. பாயசத்தில் கஜு, பலகாரத் தட்டில் கச்சான். அந்த இரண்டு ரிபனிலும் சிவப்பு முடிச்சு ஒன்று போட்டு, பரிமாறுபவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முழுக் கச்சான், பாக்குத்துண்டு, பெரிய கற்கண்டு எதுவும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கைநீட்டிக் கொடுக்கவேண்டாம்.

கதவும் நெருப்பும்

மண்டபக் கட்டிடத்தின் பின்கதவு மரைன் டிரைவுக்குத் திறக்கும். வீதிக்கு அப்பால் கரையோர ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கடலைக் கண்ட பிள்ளை நேரே நடக்கும், தண்டவாளத்தைப் பார்க்காது. அந்தக் கதவில் ஒருவர் காலை முதல் இருந்தார். பெரியவர் கை பிடிக்காத பிள்ளையை வெளியே விடுவதில்லை என்பது மட்டுமே அவர் வேலை. மணவறைப் படியில் எரியும் குத்துவிளக்குப் பக்கம் பாவாடைப் பிள்ளைகள் உட்காராமல் பார்க்க இன்னொருவர் தேவை. இங்கே அவரைப் போடவில்லை. வீடியோக்காரர்தான் இரண்டு தடவை பிள்ளைகளை விலக்கினார். தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசையோ நெய்யோ பூசவேண்டாம். இலவச அம்புலன்ஸ் எண் 1990, ஆசிரியைகளின் கையில் எழுதியிருக்கவேண்டும்.

அறுகரிசி தரையில் சிந்தி, மெழுகிய ஓட்டில் உருளும். தபால்காரர் ஒருவர் வழுக்கி விழுந்தது அதில்தான். முழங்காலில் உராய்வோடு போயிற்று. வரிசை முடியும்வரை ஒரு விளக்குமாறும் ஆளும் மணவறைப் படியடியில் நிற்கட்டும்.

மேலே வந்தபிறகு போட்டி எதுவும் வைக்கவில்லை, அது நல்ல முடிவு. தொடக்கத்தில் கீழே நடந்த ஒரேயொரு சங்கீதக் கதிரை மூன்று அழுகையையும் ஒரு பெற்றோர் வாக்குவாதத்தையும் தந்தது. போகும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பை. புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கும்போது விசில், மின்னும் மோதிரம், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் மணிகள் மூன்றையும் விட்டுவிடுங்கள். மின்னும் சாமான்களில் பொத்தான் பற்றரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடக்கூடும். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கும் எதையும் ரொய்லட் றோலின் அட்டைக்குழாய்க்குள் போட்டுப் பாருங்கள். உள்ளே போனால் வேண்டாம்.

பையில் வைத்தவற்றில் பிள்ளைகள் அங்கேயே எடுத்து விளையாடியது தென்னோலை. சோடனைக்கு வந்து மிஞ்சிய குருத்தோலையில் ஈர்க்கை நீக்கி, ஒரு விரல் அகலத்தில் ஒரு முழ நீள நாடாவாக வார்ந்தது. இரண்டு நாடாவின் நுனியை ‘ட’ வடிவில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அடியில் உள்ளதை மேலால் மடிக்கவேண்டும். பிறகு மற்றது, திரும்ப இது. இருபது மடிப்பில் சுருள் பாம்பு வரும், இழுத்தால் நீளும். நுனியை ஈர்க்கால் குத்தாமல் டேப்பால் ஒட்டினால் போதும். பச்சை ஓலை மண்டபக் குளிரில் இரண்டு மணித்தியாலம் வளையும், அதற்குப் பிறகு மடிப்பில் வெடிக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பின்னேரம் வரை நிற்கும். ரொறன்ரோப் பிள்ளை பாயில் நித்திரையான போது கையில் இருந்ததும் ஒன்று.

மண்டபத்தைப் பின்னேரம் 3 மணிக்குக் கையளிக்கவேண்டும். பாய்த் துண்டுகளைக் கழற்றப் பத்து நிமிடம், பெட்டிகளை மடிக்க ஐந்து. மஸ்கிங் டேப்பை அன்றே உரிக்கவேண்டும். இரவு முழுக்க விட்டால் பசை ஓட்டில் தங்கும், பிறகு தேங்காயெண்ணெய் பூசித் துடைக்கவேண்டி வரும். இங்கே ஒரு துண்டு மறந்துபோனது, லிப்ட் வாசலில்.